ஆறு அறை விடுதிக்கு ஹீட் பம்ப்: கடனா, சேமிப்புப் பங்கா?

வணக்கம். நுவரெலியாவில் குத்தகைக்கு எடுத்த விடுதியின் சுடுதண்ணீர்ச் செலவைக் குறைக்க வேண்டும். கரண்ட் பில் கட்டுவது நாங்கள்; கட்டிடம் உரிமையாளருடையது. மிச்சம் எங்களுக்கு என்றால் அவர் ஏன் காசு போடுவார்?

100 லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 45க்கு ஏற்ற கீசருக்குச் சுமார் 3.5 யூனிட் வேண்டும். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு 1.2 முதல் 1.5 வரை போதும். ஜனவரிக் குளிரில் அதன் வெளிச்சுருளில் பனி படிந்தால் இது கூடும். தண்ணீர் சூடாக்கும் சூரியத் தகடு வைத்தாலும் மூடுபனி நாட்களில் அதன் தொட்டிக்குள் இருக்கும் மின் ஹீட்டர்தான் ஓடும். எங்கள் மின் இணைப்பின் அளவு 42 கேவிஏக்குள், ஆகவே உச்சக் கேள்விக் கட்டணம் (மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்சாரத்துக்கான கட்டணம்) கிடையாது. யூனிட் குறைந்தால்தான் லாபம்.

குத்தகை இன்னும் நாலு வருடம். காணி உறுதி கேட்காமல், இயந்திரத்தையே பிணையாக வைத்துப் பசுமைக் கடன் (மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சாதனங்களுக்கான கடன்) தரும் வங்கி இருக்கிறதா?

இன்னொரு வழி, தன் செலவில் இயந்திரம் பூட்டிவிட்டு மின் சேமிப்பில் பங்கு கேட்கும் கம்பனி. அதோடு ஒப்பந்தம் செய்தவர்கள் அடிப்படை யூனிட்டை, அதாவது சேமிப்பை ஒப்பிட்டுக் கணக்கிடும் பழைய பாவனை அளவை, எப்படி வைத்தீர்கள்? ஏப்ரல் சீசன் பில்லை வைத்தால், அறை காலியான மாதமும் 'சேமிப்பு' ஆகிவிடும். கீசர் வயருக்குத் தனி மீற்றர் போட்டு, தங்கிய ஆள் ஒருவருக்கு இத்தனை யூனிட் என்று எழுதலாமா? அப்படி எழுதிய வாசகம் இருந்தால் பெயர்களை மறைத்துப் போடுங்கள்.