மூன்று கம்பி சீரியல் கேபிள்: 486 அனுப்ப மறுக்கிறது

கறுப்புத்திரை:
அப்பாவின் பழைய 486 மடிக்கணினி. இயங்குதளம் டாஸ் 6.22, அதன் மேல் விண்டோஸ் 3.1. பிளாப்பி டிரைவ் உறுமுகிறதே தவிர எதையும் படிப்பதில்லை. உள்ளே அவர் ரைட் (விண்டோஸோடு வந்த கடித நிரல்) நிரலில் அடித்த 40 கடிதங்கள் இருக்கின்றன.

பின்னால் 9 பின் சீரியல் போர்ட் (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் இணைப்பு) இருப்பதால் நானே கேபிள் செய்தேன்: பின் 2-க்கு 3, 3-க்கு 2, 5-க்கு 5. மறுமுனையில் யூஎஸ்பி-சீரியல் அடாப்டர், லினக்ஸ். அடாப்டரில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்துப் பார்த்தேன், அடித்த எழுத்து திரும்பி வந்தது. ஆக அடாப்டர் சரி. இரண்டு பக்கமும் வேகம் 9600, 8 பிட், பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லை. காப்பி கட்டளையில் கோப்பை காம்1-க்கு (அந்த சீரியல் போர்ட்) அனுப்பினால் 'ரைட் ஃபால்ட்' (எழுதுவதில் பிழை) என்று நின்றுவிடுகிறது. போர்ட் செத்துவிட்டதா?

ஈயப்பற்று:
போர்ட் மேல் பழி போடாதீர்கள். டாஸின் காப்பி பயாஸ் (கணினியின் அடிப்படை நிரல்) வழியாகப் போகிறது. 'மறுமுனை தயார்', 'அனுப்பலாம்' என்று சொல்லும் டிஎஸ்ஆர், சிடிஎஸ் சமிக்ஞைகள் இரண்டும் உயராமல் பயாஸ் ஒரு எழுத்தும் அனுப்பாது. உங்கள் கேபிளில் அந்தக் கம்பிகளே இல்லை. 486 பக்கத்து பிளக்கில் 4-ஐ 6-உடனும் 7-ஐ 8-உடனும் பற்றவையுங்கள். கணினி தன் கையைத் தானே குலுக்கிக்கொள்ளும். ஏமாற்று வேலைதான், ஆனால் போதும்.

கறுப்புத்திரை:
பற்றவைத்தேன், போகிறது! சோதனைக்கு அனுப்பிய ஆட்டோஎக்ஸெக் கோப்பு (வெறும் எழுத்துக் கோப்பு) முழுசாக வந்தது. கடிதங்கள்தான் பாதியில் அறுந்து வருகின்றன.

ஈயப்பற்று:
ரைட் கோப்பு வெறும் எழுத்தல்ல. சாதனத்துக்கு அனுப்பும்போது காப்பி, கண்ட்ரோல்-இசட் (குறியீட்டு எண் 26) வந்தால் கோப்பு முடிந்தது என்று நிறுத்திவிடும். கட்டளையில் /பி சேருங்கள், முழுக் கோப்பும் அப்படியே போகும். லினக்ஸ் பக்கம் போர்ட்டை ரா நிலைக்கு (வந்ததை மாற்றாமல் தரும் நிலை) மாற்றுங்கள், இல்லையென்றால் வரி முடிவுகளை அது 'திருத்தும்'.

டாஸ்பிரியன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். காப்பியில் பிழை சரிபார்ப்பே கிடையாது. விண்டோஸ் 3.1 இருக்கிறதே, அக்சஸரீஸில் டெர்மினல் என்ற தொடர்பு நிரல் இருக்கும். அதில் பிழை சரிபார்த்து கோப்பு அனுப்பும் எக்ஸ்மோடம், கெர்மிட் என்ற இரண்டு முறைகளும் உண்டு. லினக்ஸில் அதேபோன்ற மினிகாமும், அது அழைக்கும் கோப்புப் பரிமாற்ற நிரல்களும் போதும். அப்பா கடிதத்தில் ஒரு எழுத்து மாறினாலும் மனசு கேட்காது, இல்லையா?

கறுப்புத்திரை:
டெர்மினலை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை! எக்ஸ்மோடத்தில் முதல் கடிதம் வந்துவிட்டது, நன்றாகத் திறக்கிறது. ஆனால் மூலத்தைவிட 41 பைட் அதிகமாக இருக்கிறதே?

டாஸ்பிரியன்:
எக்ஸ்மோடம் 128 பைட் கட்டுகளாகத்தான் அனுப்பும். கடைசிக் கட்டு நிறையாவிட்டால் திணிப்பு சேர்க்கும், பயப்பட வேண்டாம். அளவு அச்சாக வேண்டுமென்றால் கெர்மிட். கோப்பின் பெயரும் அதுவே கொண்டுவரும்.

கறுப்புத்திரை:
சரி, மீதி 39-ம் கெர்மிட்டில். இரண்டாவது போய்க்கொண்டிருக்கிறது.