விரல் வலிக்காத இங்க் பேனா, 500 ரூபாய்க்குள் கிடைக்குமா?

கேள்வி: குரூப் 1 மெயின்ஸுக்காகத் தினமும் 15 பக்கம் எழுதுகிறேன். பால்பாயிண்டை அழுத்தி அழுத்தி நடுவிரலில் காய்ப்பு. போன மாதம் வாங்கிய மலிவு இங்க் பேனா சட்டைப்பையிலேயே கக்கிவிட்டது. வெள்ளைச் சட்டை வேறு!

பதில் 1: தம்பி, பிளாட்டினம் பிரெப்பி என்ற இங்க் பேனாவைப் பாருங்கள். மெல்லிசாக எழுதும் 0.3 நிப் கேட்டு வாங்குங்கள். 0.5-இல் எனக்கு ‘ணை’, ‘ஞ’ சுழியெல்லாம் மையால் அடைத்துக்கொள்கிறது. மூடிக்குள் இன்னொரு மூடி இருப்பதால் மை சீக்கிரம் காயாது. அப்புறம், பேனாவை அழுத்தாதீர்கள். சும்மா சாய்த்துப் பிடித்தாலே எழுதும்.

பதில் 2: கக்கியது, குழாய் எதுவும் இல்லாமல் பேனாவின் உடம்பிலேயே நேராக மை ஊற்றும் ரகமா? மை குறையக் குறைய உள்ளே காற்று சேரும். உங்கள் உடல் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பாதியானதும் நிரப்பிவிடுங்கள், பையில் நிப் மேலே பார்த்திருக்கட்டும். சென்னை என்றால் பாரிமுனை ‘ஜெம் அண்ட் கோ’ பேனாக் கடையில் எழுதிப் பார்த்தே வாங்கலாம்.

கேட்டவர்: அதே ரகம்தான் அக்கா. தலைகீழாக வைத்திருந்தேன்! சனிக்கிழமை பாரிமுனை போகிறேன், என் நோட்டையும் எடுத்துக்கொண்டு. அந்தத் தாளில் மை ஊறுகிறதா என்று பார்க்க வேண்டுமே.