சுப்பர் மார்க்கெட் கொள்வனவுக் குழுவின் முன்னால் பத்து நிமிடம்: எப்படிப் பேசுவது, எங்கே விட்டுக்கொடுப்பது?

கொட்டாஞ்சேனைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவும் நானும் கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் யாழ்ப்பாணத்து முறையில் வறுத்த கறித்தூள் செய்து பைக்கற் போட்டு விற்கிறோம். ஆறு வருடமாகிறது. இப்போது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று 12 கடைகளுக்குப் போகிறது. வருகிற வியாழக்கிழமை ஒரு பெரிய சுப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் கொள்வனவுக் குழுவைச் சந்திக்க நேரம் கிடைத்திருக்கிறது. பத்து நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

சந்தோஷத்தை விடப் பயம்தான் கூடுதலாக இருக்கிறது. போன வருடம் வேறொரு நிறுவனத்துக்குப் போயிருந்தேன். 18 ஸ்லைட் செய்துகொண்டு போனேன், நாலாவது ஸ்லைடிலேயே அவர்கள் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் "12 வீதம் கழிவு, 90 நாள் கடன்" என்றார்கள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்கவில்லை, இடம் கிடைத்தால் போதும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மாதம் 1,200 பைக்கற் போனது, பார்க்கிறவர்கள் எல்லாம் வியாபாரம் வளர்ந்துவிட்டது என்றார்கள், ஆனால் செத்தல் மிளகாய் வாங்கக் கையில் காசில்லாமல் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தேன். எட்டாவது மாதம் சப்ளையை நிறுத்தினேன், சங்கிலியை மீட்க இன்னும் நாலு மாதம் போனது.

இந்த முறை அப்படி நடக்கக்கூடாது. எதில் தொடங்குவது? விலையை நான் முதலில் சொல்வதா, அவர்கள் கேட்கும் வரை இருப்பதா? இன்னொன்று, எனக்குச் சிங்களம் சரளமாக வரும், ஆங்கிலத்தில் பதற்றம் வந்தால் எண்கள் தடுமாறும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொள்வனவில் இருந்தவள்:

தங்கச்சி, நான் 11 வருடம் அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்தவள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். கொள்வனவு முகாமையாளருக்கு மேலிடத்திலிருந்து ஏச்சு விழுவது இரண்டு காரணத்துக்குத்தான்: இலாப வீதம் குறைந்தது, இறாக்கை வெறுமையாகக் கிடந்தது. முதலாவதைச் சொல்லி உங்களை நெருக்குவார்கள். இரண்டாவதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள், ஆனால் அவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான், அதுவும் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய இரண்டு வாரமும் கிறிஸ்மஸ் காலமும் வந்தால் சின்ன உற்பத்தியாளர்கள் சொன்ன நாளில் சாமான் தராமல் கையை விரிப்பார்கள் என்று எங்களுக்கு எப்போதும் பயம்.

அதனால் முதல் ஸ்லைடில் அம்மாவின் கதை வேண்டாம். அது நல்ல கதை, ஆனால் மூன்றாவதாக வரட்டும். முதலில் இதைச் சொல்லுங்கள்: இந்தக் கடையில் மாதம் இத்தனை பைக்கற் போகிறது, இத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப ஓடர் வருகிறது, ஆறு வருடத்தில் இத்தனை தடவைதான் சொன்ன நாளில் கொடுக்க முடியாமல் போனது. பில் புத்தகத்தில் இரண்டு பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். கையெழுத்தும் திகதியும் கடைக்காரரின் முத்திரையும் இருக்கிற பக்கத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரும், வண்ண வரைபடங்களை நாங்கள் ஒரு நாளைக்கு இருபது பார்ப்போம். ஐந்து ஸ்லைட் போதும். பத்து நிமிடம் என்றால் ஆறு நிமிடத்துக்குத் தயார் பண்ணுங்கள், ஏனென்றால் முடிவெடுக்கிறவர் பெரும்பாலும் பிந்தித்தான் உள்ளே வருவார்.

"மற்ற ஆள் 15 வீதம் தருகிறாரே" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் மறுத்துச் சண்டை பிடிக்கவும் வேண்டாம், விலையைக் குறைக்கவும் வேண்டாம். "அவர் எத்தனை நாள் கடனில் தருகிறார், விற்காமல் திரும்புகிற சாமான் யார் கணக்கில் போகிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வந்தால் உங்களுக்கு ஒரு விபரம் கிடைக்கும், வராவிட்டால் அந்த 15 வீதம் வெறும் பேச்சு என்று தெரிந்துவிடும்.

மொழி விஷயம்: எந்த மொழியில் எண் தடுமாறாதோ அந்த மொழியில் விலையைக் கதையுங்கள். ஸ்லைட் ஆங்கிலத்தில் இருக்கட்டும், நீங்கள் சிங்களத்தில் தொடங்குங்கள், கொழும்பில் இதை யாரும் குறையாக எடுப்பதில்லை. முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் சொல்லுக்குச் சொல் பாடமாக்குங்கள், வாய் விட்டு, நின்றுகொண்டு, அம்மாவுக்கு முன்னால் பத்துத் தடவை.

கணக்குப் புத்தகம்:

போன வருட ஒப்பந்தத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் கழிவு என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் விற்கிற விலையைத்தான் பார்க்கிறோம், இலாபத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பைக்கற் 500 ரூபா, செலவு 400 என்று வையுங்கள். 12 வீதம் கழித்தால் 440. இலாபம் 100 ரூபாவிலிருந்து 40க்கு இறங்கிவிட்டது. பழைய இலாபத்தைப் பிடிக்க இரண்டரை மடங்கு விற்க வேண்டும்.

இனி அந்த 90 நாள். மாதம் 1,200 பைக்கற் என்றால் எந்த நேரமும் மூன்று மாதச் சாமானின் காசு, 15 இலட்சத்து 84 ஆயிரம் ரூபா, வெளியே நிற்கிறது. வட்டி வருடத்துக்கு 14 வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 2 இலட்சத்து 21 ஆயிரம் ரூபாவுக்கு மேல், பைக்கற்றுக்கு 15 ரூபா 40 சதம். 40 ரூபா இலாபம் 25 ரூபாவுக்குக் கீழே போய்விட்டது, இதற்குள் திரும்பி வந்த சாமானின் நட்டத்தை நான் சேர்க்கவே இல்லை. சங்கிலி அடகுக்குப் போனதற்கு உங்கள் தூளிலோ உழைப்பிலோ ஒரு பிழையும் இல்லை.

ஆகவே வியாழக்கிழமைக்கு முன் ஒரு தாளில் இரண்டு எண் எழுதுங்கள். இதற்குக் கீழே விலை இல்லை, இத்தனை நாளுக்கு மேல் கடன் இல்லை. உதாரணத்துக்கு 470 ரூபா, 45 நாள். அதைத் தாண்டினால் நன்றி சொல்லி எழுந்து வரவேண்டும். எழுந்து வந்தால் அந்தச் சாமானை என்ன செய்வீர்கள் என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். இன்னும் எட்டுக் கடை பிடிக்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் ஒருவரைப் பார்க்கலாம். ஹார்வர்டில் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் இதற்கு 'பட்னா' என்று பெயர் வைத்தார்கள், பேச்சு முறிந்தால் கையில் மிஞ்சுகிற வழிகளில் சிறந்தது என்று அர்த்தம். அது கையில் இருக்கிறவருக்குக் குரல் நடுங்காது.

விலையை நீங்களே முதலில் சொல்லுங்கள். 530 என்று தொடங்குங்கள்.

நாலாம் குறுக்குத் தெரு:

பிள்ளை, நான் புறக்கோட்டையில் 40 வருடமாக மிளகாய், வெங்காயம், பருப்பு மொத்த வியாபாரம். மேலே தம்பி விலையை முதலில் சொல்லச் சொல்கிறார். எங்கள் அப்பா எனக்குச் சொல்லித் தந்தது நேர்மாறு, முதலில் சொன்னவன் தோற்றான் என்று. ஒரு தடவை லொறியில் மூட்டை வந்து இறங்கியது, நாட்டாமிகள் இறக்கிக்கொண்டிருக்கும்போதே வாங்க வந்தவர் ஒரு மூட்டையை அவிழ்த்து, மிளகாய் ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தார், 'சடக்' என்று சத்தம் கேட்டால் நன்றாகக் காய்ந்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் அவசரப்பட்டு ஒரு விலை சொன்னேன். அவர் உடனே சரி என்றார். அவர் அதைவிடக் கூடத் தருவதற்கு வந்திருந்தார் என்று அந்த 'சரி'யில்தான் எனக்கு விளங்கியது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். விலை சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர்கள் பேசாமல் இருப்பார்கள், ஒரு நிமிடம் ஒரு மணித்தியாலம் மாதிரி இருக்கும், அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் நாங்களே "கொஞ்சம் பார்த்துச் செய்யலாம்" என்று குறைக்கிறோம். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். பேசாதீர்கள்.

சும்மா குறைக்கவும் வேண்டாம். ஐந்து ரூபா குறைத்தால் பதிலுக்குப் பத்து நாள் கடனையாவது குறைக்கச் சொல்லுங்கள். ஒன்றும் கேட்காமல் குறைத்தால், இன்னும் உள்ளே இருக்கிறது என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

கடைசியாக, 1983 ஜூலையில் எங்கள் கடை எரிந்து சாம்பலானது. ஓகஸ்டில் அப்பாவுக்கு மூன்று மொத்த வியாபாரிகள், அதில் இரண்டு பேர் சிங்களவர், ஒரு துண்டுக் கடதாசி கேட்காமல் கடனுக்குச் சாமான் இறக்கினார்கள். அப்பா அதற்கு முந்திய 20 வருடமும் சொன்ன திகதியில் காசு கொடுத்தவர். நீங்கள் சொன்ன திகதியில் சாமான் கொடுத்த கணக்கை அந்த மேசையில் தைரியமாகச் சொல்லுங்கள்.

கணக்குப் புத்தகம்:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் இதில் ஒரு பரிசோதனை உண்டு. டானியல் கானமன், ஆமொஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் எழுதியது. ஒரு சக்கரத்தைச் சுழற்றுவார்கள், அது 10இல் அல்லது 65இல் நிற்கும்படி செய்திருந்தார்கள். பிறகு ஐநாவில் ஆபிரிக்க நாடுகள் எத்தனை வீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்கள் நடுவாக 25 என்றார்கள், 65ஐப் பார்த்தவர்கள் 45. சம்பந்தமே இல்லாத எண்ணே மனதை இப்படி இழுக்கிறது என்றால், சம்பந்தமுள்ள விலை எவ்வளவு இழுக்கும்? போன வருடம் தங்கச்சியின் காதில் விழுந்த முதல் எண் 12 வீதம், பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

நாலாம் குறுக்குத் தெரு:

சரி தம்பி, ஏற்றுக்கொள்கிறேன். சந்தை தெரியாத இடத்தில் முதலில் சொல்லக்கூடாது என்று நான் திருத்திக்கொள்கிறேன். பிள்ளைக்குத் தன் தூளின் விலை தெரியும், 12 கடையில் ஓடுகிறது. அப்படியென்றால் சொல்லலாம்.

தேயிலைக்காரன்:

நான் தேயிலைத் தரகர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன், அதனால் இதை மட்டும் சொல்கிறேன் அக்கா. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது, 2020 ஏப்ரலில் கொரோனாவோடு இணையத்துக்கு மாறியது, ஆனால் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. ஏலத்துக்கு முன்பே மாதிரிகள் வாங்குகிறவர்களின் கைக்குப் போய்விடும், அவர்கள் தங்கள் இடத்தில் ஊற்றிச் சுவைத்து, விலையைக் குறித்துக்கொண்டுதான் வருவார்கள். வாயில் வைக்காத தேயிலைக்கு நல்ல விலை கேட்க யாரும் துணிய மாட்டார்கள்.

நீங்கள் விற்பது சாப்பாட்டுச் சாமான், லப்டொப்பைத் திறக்கும் முன் போத்தலைத் திறவுங்கள். பிளாஸ்க்கில் சூடாக உருளைக்கிழங்குப் பிரட்டல், ஒரு பெட்டியில் ரோஸ் பாண் துண்டு. வறுத்த தூளின் வாசம் குளிரூட்டி போட்ட அந்த அறையில் நிறைந்துவிடும். அதன் பிறகு போனைப் பார்க்க மாட்டார்கள். முடிந்தால் திங்களே ஆளுக்கு ஒரு பைக்கற் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், வீட்டில் சமைத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.

கொட்டாஞ்சேனைக்காரி (வெள்ளிக்கிழமை):

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பிளாஸ்க்கைத் திறந்ததும் ஒருவர் "இது எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி சமைக்கிற வாசம்" என்று சிங்களத்தில் சொன்னார், அதற்குப் பிறகு என் கை நடுங்கவில்லை. பில் புத்தகப் பக்கத்தை இரண்டு தடவை பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்கள். 530 என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் கிளாஸைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். 15 வீதக் கதை வந்தது. அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

முடிவில் 485 ரூபா, 45 நாள், முதலில் ஆறு கிளை மட்டும். 60 நாளில் நின்றார்கள், நான் புத்தாண்டுக்கு முந்திய வாரம் ஒவ்வொரு கிளையிலும் சமைத்துச் சுவைக்கக் கொடுப்பதாகச் சொல்லி 45க்கு இறக்கினேன். விற்காமல் திரும்பும் சாமானில் பாதி அவர்கள் கணக்கில்.

ஒன்றை விட்டுவிட்டேன். மிளகாய் விலை ஏறினால் என்ன செய்வது என்று கேட்கவே இல்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. இனிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

கொள்வனவில் இருந்தவள்:

இன்னும் கையெழுத்து வைக்கவில்லைத்தானே? அப்படியென்றால் இன்றைக்கே கேளுங்கள். பேசியதை எல்லாம் வரிசையாக எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள், அதில் ஒரு வரி சேருங்கள்: டொலர் அல்லது செத்தல் மிளகாயின் மொத்த விலை 5 வீதத்துக்கு மேல் மாறினால் 14 நாளில் விலையை மீண்டும் பேசுவோம், ஏறினாலும் இறங்கினாலும். 'இறங்கினாலும்' என்பதை மறக்க வேண்டாம், அதுதான் அவர்களைச் சம்மதிக்க வைக்கும். இங்கே விற்கிற செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியபோது, விலையை மாற்ற வழி இல்லாமல் கையெழுத்து வைத்தவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அந்த வரியைப் பார்த்து எந்த முகாமையாளரும் தப்பாக நினைக்க மாட்டார்.

கொட்டாஞ்சேனைக்காரி:

அனுப்பிவிட்டேன் அக்கா. பதில் வந்தது, 5க்குப் பதிலாக 8 வீதம் கேட்கிறார்கள். 8ஐ ஏற்கலாம், ஆனால் 14 நாளை 7 ஆக்குங்கள் என்று எழுதியிருக்கிறேன்.