கிரீன்லாந்து பனியையும் அட்லாண்டிக் நீரோட்டத்தையும் இணைப்பதில் சிக்கல்

வணக்கம். காலநிலை டிப்பிங் பாயிண்டுகள் (தாண்டினால் எளிதில் திரும்ப முடியாத எல்லைகள்) ஒன்றையொன்று எப்படித் தூண்டுகின்றன என்று ஆராய்ந்து வருகிறேன். கிரீன்லாந்து பனிப்பாளம், அட்லாண்டிக்கின் கவிழ்சுழற்சி நீரோட்டம், இரண்டு மட்டும் உள்ள சிறிய கணினி மாதிரி. பனி உருகிக் கடலில் சேரும் நன்னீர் நீரோட்டத்தை நலியச் செய்யும் என்பதுதான் இணைப்பு. பைத்தானில் எழுதியது, ஒவ்வொன்றுக்கும் ஒரு முப்படிச் சமன்பாடு. மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

வெப்ப உயர்வு 2 டிகிரி. பனிப்பாளம் சரிய 10,000 ஆண்டு, நீரோட்டத்துக்கு 50 ஆண்டு என்று வைத்திருக்கிறேன். பனியின் அளவை வைத்து இணைத்தால், பனி முழுக்க உருகித் தீர்ந்த பிறகும் நீரோட்டத்தின் மீதான அழுத்தம் நிற்பதில்லை. உருக ஒன்றுமே இல்லாதபோது நன்னீர் எங்கிருந்து வரும்?

சரி என்று உருகும் வேகத்தை வைத்து இணைத்தேன். இப்போது நீரோட்டம் அசையவே இல்லை. கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது: மொத்தப் பனியும் 10,000 ஆண்டில் கரைந்தால் சராசரியாக விநாடிக்கு 9,000 கன மீட்டருக்கும் குறைவான நீர்தான். பெரிய காலநிலை மாதிரிகளில் நீரோட்டத்தைச் சோதிக்க வழக்கமாக ஊற்றிப் பார்ப்பதோ விநாடிக்கு 1,00,000 கன மீட்டர்.

கணக்கின் காலப்படியைக் குறைத்தேன், சால்வரை (சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலை) மாற்றினேன். அப்புறம், நீரோட்டம் நலிந்தால் கிரீன்லாந்து குளிரும் என்ற எதிர்விளைவையும் நிறுத்திப் பார்த்தேன். மாற்றமில்லை.

உருகும் வேகத்தை வைத்து இணைத்தவர்கள் யாராவது இருந்தால், இணைப்புக் கெழுவின் (இணைப்பு எவ்வளவு வலிமையானது என்று காட்டும் எண்ணின்) மதிப்பை எதை வைத்து முடிவு செய்தீர்கள்?