சென்சார் நடனம் என்கிறார்கள், பொத்தானை அழுத்தியது யார்?

அல்சூர்_விளக்கு
நேற்று இன்னொரு இழையில் ‘நிகழ்நிலை’ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. போன சனிக்கிழமை இந்திராநகரில் நடந்த நவீன நடனம் பற்றி அவர் சொன்னது இதுதான்: ஆடிய பெண்ணின் உடலே திரையில் வந்த ஒளியை இயக்கியது, எல்லாம் சென்சார், நடுவில் மனிதக் கை கிடையாது, பெங்களூரில் இப்படி ஒன்று நடப்பது இதுதான் முதல் முறை.

நானும் போயிருந்தேன். கடைசி வரிசை. எனக்கு இரண்டடி பின்னால் மேசையில் லேப்டாப்போடு ஒரு பையன். அந்தப் பெண் கையை விரித்துச் சுழலும்போதெல்லாம் அவன் விரல் ஸ்பேஸ் பார் மேல் விழுந்தது. எண்ணினேன். முதல் 20 நிமிடத்தில் 31 தட்டு. சென்சார் வேலை செய்தது என்றால் அந்த 31 தட்டு எதற்கு? பொத்தானை அழுத்தியது யார்? பதில் வேண்டும்.

நிகழ்நிலை
மேடையில் அவ்வளவு நடக்கும்போது நீங்கள் பின்னால் திரும்பி ஒருவர் விரலை எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். ஸ்பேஸ் பார் காட்சி மாற்றத்துக்கு. ஒரு காட்சியில் துகள்கள், அடுத்ததில் கோடுகள், அதற்கடுத்ததில் தண்ணீர். எந்தக் காட்சி என்பதை மனிதன் சொல்கிறான். அதற்குள் துகள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஆடுபவரின் உடல் சொல்கிறது. மேலே குழாயில் கேமரா தொங்கியதே, பார்க்கவில்லையா? 12 வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். எனக்குத் தெரியும்.

அல்சூர்_விளக்கு
பார்த்தேன் தம்பி. தொங்கியது, தொங்கிக்கொண்டே இருந்தது. நான் 22 வருடம் மேடைக்கு விளக்குப் போட்டவன். அன்றைக்கு இரண்டு பக்கமும் பழைய ஹாலஜன் விளக்குகள். அவை வெளிச்சத்தைவிட அகச்சிவப்பைத்தான் அதிகம் கொட்டும். ஆழம் அளக்கும் கேமராவும் அகச்சிவப்பை வைத்துத்தான் பார்க்கிறது. நேராக ஹாலஜன் அடித்தால் அதற்குக் கண் தெரியாது. போதாததற்குப் புகை இயந்திரம் வேறு. வெறும் எல்இடி விளக்காக இருந்திருந்தால் நீங்கள் சொல்வதை நம்பியிருப்பேன்.

அப்புறம், 20 நிமிடத்தில் 31 காட்சி மாற்றமா? துகள், கோடு, தண்ணீர் என்று மூன்றைத்தான் எண்ணினீர்கள். மீதி 28 எங்கே?

மீனா_ஜெயநகர்
இரண்டு பேருக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஊடாடும் நிகழ்ச்சி’ என்றால் எது என்று முதலில் ஒத்துக்கொண்டு பேசலாமா? உடலுக்கு இயந்திரம் பதில் சொன்னால் போதுமா, அந்தப் பதிலுக்கு உடலும் மாற வேண்டுமா? அது தெரியாமல் எண்ணிக்கையில் என்ன இருக்கிறது?

வல்லின_வேலன்
‘ஊடாடும்’ தவறு. ஊடுதல் வேறு, ஊடாடுதல் வேறு. ‘இடைவினை’ என்று எழுதுங்கள்.

மீனா_ஜெயநகர்
ஊடாடுதல் என்றால் இடையில் சென்று பழகுதல், கலந்து இயங்குதல் என்று அகராதியிலேயே இருக்கிறது. ஊடலை நான் இழுக்கவில்லை, நீங்கள்தான் இழுத்தீர்கள். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு எப்போதும் இதே வேலை.

நிகழ்நிலை
@அல்சூர்_விளக்கு, முதலில் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். எனக்கு 41 வயது.

உங்கள் ஹாலஜன் வாதம் 2010இல் வந்த முதல் கினெக்டுக்கு, அதாவது மைக்ரோசாஃப்டின் ஆழம் அளக்கும் கேமராவுக்கு, சரி. அது அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி, அவை எப்படி நெளிகின்றன என்று பார்த்து ஆழத்தைக் கணக்கிட்டது. 2017இல் எக்ஸ்பாக்ஸ் கினெக்ட் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குச் சாதாரண கேமரா படத்திலிருந்தே மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறது. அதற்கு ஹாலஜன் இருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் கிடைக்கும். நீங்கள் பத்து வருடம் பின்னால் நிற்கிறீர்கள்.

அல்சூர்_விளக்கு
அப்படியானால் பொத்தானை ஏன் அழுத்தினான்?

பழையதங்கவயல்
பொத்தான் கிடக்கட்டும். ‘பெங்களூரில் முதல் முறை’ என்பதை யாரும் கேட்கவில்லையே. நேற்று வந்து இறங்கியவர்கள் எல்லாவற்றுக்கும் முதல் முறை என்கிறார்கள். ஜெயச்சந்திரன் பாலாழியும் வேறு கலைஞர்களும் சேர்ந்து, இந்த ஊரில் இயங்கும் ஆட்டக்களரி என்ற நவீன நடன அமைப்பைத் தொடங்கியது 1992இல். 2000 முதல் அவர்கள் நவீன நடனத்துக்கென்றே இரண்டாண்டுக்கு ஒரு விழா நடத்தினார்கள். பரதம், களரி அசைவுகளை டிஜிட்டலாகப் பதிந்து வைக்கும் ‘நாகரிகா’ வேலையும் இந்த ஊரில்தான் நடந்தது. மேடையில் ப்ரொஜெக்டரும் உடலும் சேருவதை நாங்கள் அப்போதே பார்த்துவிட்டோம். என் தாத்தா கோலார் சுரங்கத்திலிருந்து இங்கே வந்தவர். இந்த ஊரின் கணக்கை எங்களிடமும் கேளுங்கள்.

நிகழ்நிலை
நான் ‘முதல் முறை’ என்றது இந்த அளவில், உடனுக்குடன் நடப்பதை. நானும் ஒன்பது வருடமாகத்தான் பெங்களூரில் இருக்கிறேன், நேற்று வரவில்லை. சென்னையில் இருந்து வந்தவன் என்றாலே உங்களுக்கு ஒரு கோபம். தண்ணீர் லாரி இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

பழையதங்கவயல்
லாரி இழையில் நான் சொன்னதுதான் கடைசியில் சரியாகிப்போனது.

எழினி
இது எல்லாமே நம்மிடம் இருந்ததுதான். சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவு இருக்கிறது: 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கு வைத்தார்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை. ஒளி வடிவமைப்பு அன்றே உண்டு.

நிகழ்நிலை
அதில் சென்சார் இருந்ததா?

எழினி
கிண்டல் வேண்டாம். மேடைத் தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்தது என்ற நினைப்பைத்தான் மறுத்தேன்.

அல்சூர்_விளக்கு
எழினி சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. திரை இருந்தது, சரி. அதை இழுத்தது யார்? ஓர் ஆள். இங்கேயும் ஓர் ஆள். அவனைத்தான் இல்லை என்கிறார்கள்.

கால்சலங்கை
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஆடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். 19 வருடம் பரதம், இப்போது ஆறு வருடமாக நவீன நடனம். மூன்று விதமாகவும் ஆடியிருக்கிறேன்: பதிவு செய்த வீடியோவுக்கு, சென்சாருக்கு, பொத்தான் அழுத்தும் ஆளுக்கு.

வீடியோவுக்கு ஆடினால் நான் அதற்கு அடிமை. வியர்வையில் கால் அரை நொடி வழுக்கினாலும் திரையில் இருக்கும் மரம் எனக்காக நிற்காது. சென்சாருக்கு ஆடும்போது தொல்லை வேறு. கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது என்றால் ஒரு படத்துக்கே 33 மில்லி விநாடி. உடலைக் கண்டுபிடிக்க, அப்புறம் படம் வரைய, அப்புறம் ப்ரொஜெக்டர் தன் பங்குக்கு. எல்லாம் சேர்ந்தால் எளிதாக நூறைத் தாண்டும். நிமிடத்துக்கு 80 தட்டு, தட்டுக்கு நான்கு சொல் என்று ஜதி போனால் ஒரு சொல்லுக்கு 187 மில்லி விநாடிதான் கிடைக்கிறது. என் கால் ‘தா’வில் விழுந்து ‘தெய்’க்குக் கிளம்பும்போது ஒளி அப்போதுதான் ‘தா’வுக்கு வந்து சேர்கிறது. மெதுவான அசைவில் அது அழகாக இருக்கும், துணி இழுபடுவது மாதிரி. மூன்றாம் காலத்தின் வேகத்தில் அசிங்கமாகிவிடும். அரைமண்டியில் உட்கார்ந்தால் விசிறி மடிப்பு முட்டியை மறைத்துவிடும், மென்பொருள் என் காலை எங்கெங்கோ தேடும்.

பொத்தான் அழுத்துகிறவர் நல்லவராக அமைந்தால் என் மூச்சைப் பார்ப்பார். நான் தூக்கும் முன்பே தோள் சொல்லிவிடும், அதைப் பார்த்து அழுத்துவார். என் கூட இருப்பார். நட்டுவனார் தாளத்தைத் தட்டுவதும் இதேதான். நான் அதைத்தான் விரும்புகிறேன். சனிக்கிழமை அந்தப் பையன் 31 முறை அழுத்தியிருந்தால் அவன் நன்றாகத்தான் அழுத்தியிருக்கிறான். இதில் ஏமாற்று எங்கே வந்தது?

நிகழ்நிலை
நன்றி மேடம். இதைத்தான் நானும் சொல்கிறேன்.

கால்சலங்கை
இல்லை, நீங்கள் கை இல்லை என்று சொன்னீர்கள். நான் கை வேண்டும் என்கிறேன்.

அல்சூர்_விளக்கு
அம்மா, நட்டுவனாரோடு ஒப்பிட்டதால் கேட்கிறேன். நட்டுவனார் மேடையில் உட்கார்கிறார். அழைப்பிதழில் அவர் பெயர் இருக்கிறது. கடைசியில் பொன்னாடை போர்த்துகிறார்கள். சனிக்கிழமை கொடுத்த தாளில் மென்பொருளின் பெயர் இருந்தது, ப்ரொஜெக்டர் வாடகைக்குக் கொடுத்த கடையின் பெயர்கூட இருந்தது. அந்தப் பையனின் பெயர் இல்லை. நான் இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன்.

எனக்கு ஏன் வலிக்கிறது என்று சொல்கிறேன். வருடம் வேண்டாம், இடம் வேண்டாம். ஒரு நிகழ்ச்சிக்கு ‘உணரிகளால் இயங்கும் ஒளி’ என்று விளம்பரம் செய்தார்கள். ஒத்திகையில் உணரி வேலை செய்யவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு என்னிடம் வந்து, நீ கையால் ஓட்டிவிடு என்றார்கள். ஒன்றரை மணி நேரம் அந்தப் பெண்ணின் முதுகெலும்பிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினேன். ஒரு அடி தவறவில்லை. முடிந்ததும் மேடையில் ஏறி, இன்று ஒளியை இயக்கியது இவர் உடல் மட்டுமே என்று பேசினார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் கேட்கிறேன், பொத்தானை அழுத்தியது யார்? அவனுக்குப் பெயர் இல்லையா?

ஃப்ரேசர்டவுன்_அம்மா
அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

வாசலில் வைத்திருந்த சுவரைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். ஆள் நின்றால் நிழலில் இலை முளைக்கும் என்று எழுதி வைத்திருந்தார்கள். என் மகளுக்கு ஏழு வயது. ஐந்து நிமிடம் கையை ஆட்டினாள், குதித்தாள், ஒரு இலை வரவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர்களுக்கெல்லாம் மரமே முளைத்தது. அழுதுகொண்டே வந்தாள். 400 ரூபாய் டிக்கெட்.

நிகழ்நிலை
கூட்டம் அதிகமாக இருந்திருக்கும். அங்கே இருந்தது கினெக்டின் இரண்டாம் பதிப்பு, நான் பார்த்தேன். அது ஒரே சமயத்தில் 6 உடல்களைத்தான் பின்தொடரும். உங்கள் மகள் ஏழாவது ஆளாக, பெரியவர்களுக்குப் பின்னால் மறைந்து நின்றிருப்பாள். இயந்திரத்தின் தப்பில்லை.

ஃப்ரேசர்டவுன்_அம்மா
ஆறு பேருக்குத்தான் என்று வாசலில் எழுதி வைக்கலாமே? கயிறு கட்டி வரிசையாக அனுப்பலாமே? குழந்தை தன் மேல்தான் தப்பு என்று நினைத்துவிட்டாள்.

பழையதங்கவயல்
2017இல் தயாரிப்பே நின்றுபோன கினெக்டை வைத்துத்தான் ‘இந்த அளவில் முதல் முறை’ என்றீர்களா? நல்லது.

நிகழ்நிலை
பேச்சு திசை மாறுகிறது. உலகம் முழுக்க இதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். 1965இல் அமெரிக்க நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் செய்த ‘வேரியேஷன்ஸ் 5’ மேடையில் ஆன்டெனாக்களும் ஒளி உணரிகளும் இருந்தன. ஆன்டெனாக்களை மின்னிசைக் கருவிகள் செய்த ராபர்ட் மூக் செய்து கொடுத்தார். ஆடுபவர் பக்கத்தில் வந்தால் ஒலி எழும். 2004இல் கிளவுஸ் ஓபர்மையரின் ‘அப்பாரிஷன்’, 2006இல் மெல்பர்னின் ‘குளோ’. இவற்றில் ஒளி ஆடுபவரின் உடல் மேலேயே உடனுக்குடன் விழுந்தது. 60 வருடத்துப் பாதை இது. ஸ்பேஸ் பாருக்காக இதையெல்லாம் பொய் என்பீர்களா?

கால்சலங்கை
‘வேரியேஷன்ஸ் 5’ உங்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது. அதில் ஆடுபவர்கள் ஒலியைக் கிளப்பினார்கள், ஆனால் அதை வாங்கிக் கலந்து, மாற்றி வெளியே விட்டது கேஜும் மற்ற இசைக்கலைஞர்களும். மனிதக் கை நடுவில்தான் இருந்தது. அதே கன்னிங்ஹமின் 1999 ‘பைபெட்’ வேறு வகை. ஆடுபவர்களின் அசைவை முன்கூட்டியே பதிவு செய்து, அதிலிருந்து உருவங்கள் வரைந்து, முன்னால் தொங்கிய மெல்லிய திரையில் போட்டார்கள். அங்கே சென்சாரே மேடையில் இல்லை. அதற்காக யாராவது அதைக் குறைத்துப் பேசினார்களா?

அல்சூர்_விளக்கு
அம்மா சொன்ன கேஜ் விஷயத்தைக் கவனியுங்கள். கலந்தது யார் என்று 60 வருடம் கழித்தும் பெயர் சொல்ல முடிகிறது. இங்கே ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்தப் பையனுக்குப் பெயர் இல்லை.

வல்லின_வேலன்
‘உணரி’ என்று நீங்கள் எழுதியது நல்ல சொல். தலைப்பில் ஏன் ‘சென்சார்’? மாற்றுங்கள்.

அல்சூர்_விளக்கு
தலைப்பை மாற்ற மாட்டேன்.

மட்டுறுத்துநர்
ஊர், வயது பற்றிய பேச்சு வேண்டாம். நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

நிகழ்நிலை
நிகழ்ச்சி பற்றித்தான் எழுதுகிறேன். நேற்று அந்தக் குழுவில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். முதல் காட்சியில் மட்டும் கேமரா சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் கையால் உதவினார்களாம். மற்றவை முழுக்க உடனுக்குடன். ஆக நான் சொன்னதுதான் சரி.

அல்சூர்_விளக்கு
முதல் காட்சி எவ்வளவு நேரம்?

நிகழ்நிலை
22 நிமிடம்.

அல்சூர்_விளக்கு
நான் எண்ணியது முதல் 20 நிமிடம்.

நிகழ்நிலை
மொத்தம் 70 நிமிட நிகழ்ச்சி. 48 நிமிடத்தை நீங்கள் பார்க்கவே இல்லை.

பழையதங்கவயல்
‘மனிதக் கை கிடையாது’ என்று எழுதியவர் இப்போது ‘கையால் உதவினார்கள்’ என்கிறார். அந்தப் பழைய பதிவைத் திருத்துவாரா?

நிகழ்நிலை
திருத்த மாட்டேன். மொத்த நிகழ்ச்சியையும் வைத்துத்தான் எழுதினேன்.

மீனா_ஜெயநகர்
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அல்சூர்_விளக்கு
ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடுகிறார்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன், அதே கடைசி வரிசை. இந்த முறை 70 நிமிடமும் எண்ணுவேன். முடிந்ததும் அந்தப் பையனின் பெயரைக் கேட்டு, அவன் சம்மதித்தால் இங்கே எழுதுவேன்.

நிகழ்நிலை
மூன்றாவது வரிசையில் உட்காருங்கள், மேடையாவது தெரியும்.

அல்சூர்_விளக்கு
கடைசி வரிசைதான்.