மறு: ஒரே பெயர், ஏழெட்டு ஸ்பெல்லிங் – 'உறழ்வடிவம்' சரியாக வருமா?

குழுவினருக்கு வணக்கம்.

> யூத வம்சாவளித் தேடல் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே எபிரேயப் பெயர் ஏழெட்டு ஸ்பெல்லிங்கில் வருகிறது. அந்த 'வேரியன்ட்'டுக்குப் 'பெயர்த்திரிபு' என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. திரிபு என்றதும் எது திரிந்தது, எதிலிருந்து திரிந்தது என்ற கேள்வி வந்துவிடும். பால் திரிந்த வாடையும் அந்தச் சொல்லில் கொஞ்சம் உண்டு. இந்தப் பெயர்களுக்கு ரோமன் எழுத்தில் 'அசல்' என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு பெயரை எடுத்துப் பார்ப்போம்.

எபிரேயத்தில் ஹெத், யோத், யோத், மேம் என்று நான்கு எழுத்து. ஹயீம் என்று படிக்க வேண்டும். 'உயிர்வாழ்வு' என்று பொருள். இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் வைஸ்மனின் பெயர் இதுதான். அவர் பெயரை ஆங்கிலத்தில் சி-ஹெச் போட்டுத் தொடங்குவார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்து பிரான்சுக்குப் போன குடும்பத்தில் வெறும் ஹெச், கூடவே ஐ-க்கு மேல் இரட்டைப் புள்ளி. அர்ஜென்டினாவில் ஜே, ஏனென்றால் ஸ்பானிய மொழியில் ஜே-யின் ஒலி ஹகரத்துக்குப் பக்கம். ரஷ்ய ஆவணத்திலிருந்து பெயர்த்தால் கே-ஹெச். தொண்டையிலிருந்து வரும் அந்த ஒலிக்கு அவரவர் ஊர் எழுத்தில் எது கிட்டத்தில் இருந்ததோ அதைப் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் தப்பாக எழுதவில்லை. ஆங்கில ஸ்பெல்லிங்கை மட்டும் பார்த்துவிட்டு நாம் தமிழில் 'சைம்' என்று எழுதினால் அதுதான் பிழை.

எழுத்து மாறுவதோடு முடியவில்லை, வாயும் மாறுகிறது. தாவ் என்ற எழுத்து உள்ளே புள்ளி இல்லாமல் வந்தால் ஸ்பெயின் வழி வந்த செபார்டிய யூதர்கள் 'த்' என்பார்கள், ஜெர்மனி, போலந்துப் பக்கத்து அஷ்கெனாசிய யூதர்கள் 'ஸ்' என்பார்கள். அதனால் அங்கே நத்தான், இங்கே நோஸன். யெஹுதீத் என்ற பெண் யெஹுதிஸ் ஆகிறாள். காமட்ஸ் என்ற உயிர்க்குறி ஒருவருக்கு 'ஆ', இன்னொருவருக்கு 'ஓ'. அவ்ரஹாம், அவ்ரோஹம் என்று பிரிந்தது அப்படித்தான். ஏட்டில் இரண்டுக்கும் அதே எழுத்துகள்.

> மரூஉ என்று நன்னூலிலேயே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு ஐயா?

ஒரு பகுதிக்கு மரூஉ நூற்றுக்கு நூறு சரி. தஞ்சாவூர் தஞ்சை ஆனதைப் போல, யாக்கோவ் வீட்டில் யாங்கல் ஆனான், யிட்ஸ்ஹாக் இட்ஸிக் ஆனான், மோஷே மோஷ்கோ ஆனான். செல்லமாகக் கூப்பிட்டுத் தேய்ந்த பெயர்கள். செயலியில் இவற்றுக்குத் தனிக் கட்டம் இருந்தால் தயங்காமல் மரூஉ என்றே போடுங்கள். ஆனால் நத்தான் தேய்ந்து நோஸன் ஆகவில்லை. இரண்டும் முழுப்பெயர், இரண்டும் தொழுகையில் சொல்லப்படுபவை.

> 'போலி' எப்படி? நிலம், நிலன் போல.

இலக்கணப்படி இதுதான் மிகவும் கிட்டத்தில் வருகிறது. ஆனால் திரையில் 'போலிப் பெயர்களையும் காட்டு' என்று ஒரு பொத்தான் இருந்தால் பார்ப்பவர் சைபர் கிரைமுக்குத் தகவல் சொல்லிவிடுவார்.

குழுவில் அக்கா ஒருவர் சொன்ன 'பாடபேதம்' அழகான சொல். ஏட்டுக்குள் மாறுவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். எபிரேய விவிலியத்திலேயே அப்படி உண்டு. தாவீதின் பெயர் சாமுவேல் நூல்களில் பெரும்பாலும் மூன்று எழுத்து, நாளாகமத்தில் யோத் சேர்ந்து நான்கு. யாக்கோபின் பெயர் ஐந்து இடங்களில் மட்டும் கூடுதலாக ஒரு வாவ் எழுத்தோடு வருகிறது; எலியாவின் பெயர் ஐந்து இடங்களில் ஒரு வாவ் குறைந்து வருகிறது. 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்: என் பிள்ளைகளின் விடுதலைச் செய்தியைக் கொண்டுவந்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள் என்று எலியாவிடமிருந்து அந்த எழுத்தை யாக்கோபு அடகாக வாங்கி வைத்திருக்கிறாராம்!

சரி, என் முன்மொழிவு: உறழ்வடிவம். இரண்டில் எது வந்தாலும் சரி என்னும் இடத்துக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் உறழ்ச்சி. லகர ஈற்றுக்குத் தொல்காப்பியம் 'அல்வழி எல்லாம் உறழென மொழிப' என்கிறது. கல் குறிது என்றும் வரலாம், கற்குறிது என்றும் வரலாம். எதுவும் கெட்டுப்போனதாகவோ தேய்ந்ததாகவோ அதில் குறிப்பில்லை. எழுத்தில் மட்டும் மாறினால் எழுத்துறழ்வு (ஹயீமின் சி-ஹெச்சும் ஜே-யும்), சொல்லும் விதத்தில் மாறினால் ஒலியுறழ்வு (நத்தான், நோஸன்), இரண்டுக்கும் பொதுவாக உறழ்வடிவம். வினையாகவும் புழங்கும்: 'இந்தப் பெயர் ஏழு வடிவில் உறழும்.' உறழ்தல் என்றால் மாறுபடுதல், பகைத்தல் என்றும் பொருள் உண்டே என்று யாராவது கேட்பீர்கள். உண்டுதான், ஆனால் செயலியில் அந்தக் குழப்பம் வராது.

இன்னொரு வகை இருக்கிறது, அதை இதில் சேர்க்காதீர்கள். அஷ்கெனாசியரிடம் தோவ்-பேர், ஸ்வி-ஹிர்ஷ், அர்யே-லெய்ப் என்று இரட்டைப் பெயர்கள் சகஜம். தோவ் எபிரேயத்தில் கரடி, பேர் அஷ்கெனாசியரின் பேச்சுமொழியான இத்திஷில் கரடி. மற்ற இரண்டும் மான்-மான், சிங்கம்-சிங்கம். நம் 'கேட்டுக் கதவு', 'நடு சென்டர்' கணக்குதான். முதல் பாதி தொழுகைக்கூடத்தில் சொல்லும் புனிதப்பெயர். அடுத்தது கின்னூய், ஊரார் கூப்பிடும் பெயர். இது உறழ்வும் இல்லை, மரூஉவும் இல்லை. 'வழங்குபெயர்' என்று தனியாகக் கொடுக்கலாம்.

ஏன் இவ்வளவு பிரிக்கிறேன் என்றால், யூதச் சட்டமே பிரிக்கிறது. 'கெட்' என்னும் மணவிலக்குப் பத்திரம் பன்னிரண்டு வரிகளில் கையால் எழுதப்படுவது. கணவன் பெயரிலோ மனைவி பெயரிலோ எழுத்து பிசகினால் பத்திரமே செல்லாமல் போகலாம், அவள் மறுமணம் செய்யும் உரிமை சிக்கலாகும். ஒரு ஊரில் ஒரு பெயர், வேறு ஊரில் வேறு பெயர் என்று இருப்பவர்களால் குழப்பம் வந்ததால், 'இன்னாரும் அவருக்குள்ள எல்லாப் பெயரும்' என்று எழுதும்படி மூத்த கமாலியேல் என்னும் ரபி ஏற்பாடு செய்தார் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. அது முதல் நூற்றாண்டு. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சட்டநூலில் பெயர்களை எப்படி எழுதுவது என்பதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. எது புனிதப்பெயர், எது வழங்குபெயர், அலெப் எழுத்தைப் போடுவதா ஐன் எழுத்தைப் போடுவதா என்று பின்னால் வந்த ரபிகள் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள்.

கணினிக்கும் இதே தலைவலிதான். பெயரை அதன் ஒலிப்படி குறியீடாக்கித் தேடும் சவுண்டெக்ஸ் முறையில் (1918இல் காப்புரிமை பெற்றது) மாஸ்கோவிட்ஸ் என்ற குடும்பப்பெயரை (மோஷ்கோவின் வழி வந்ததுதான்) டபிள்யூ போட்டு எழுதினால் எம்232, வி போட்டு எழுதினால் எம்213. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி இரண்டு பெட்டியில் போய் விழுவார்கள். அதற்காகவே 1985இல் வந்தது டெய்ச்–மோகோடாஃப் முறை. அதில் இரண்டுக்கும் 645740. சி-ஹெச் வந்தால் அது 'ஹ' ஆகவும் இருக்கலாம், 'ச' ஆகவும் இருக்கலாம் என்று இரண்டு குறியீடு தருகிறது. உறழ்ச்சி விதியை நிரலில் எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது.

நம் பக்கத்துச் சான்று ஒன்று. கொச்சி யூதர்களின் செப்பேடு, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் காலத்தது, ஏறக்குறைய கி.பி. 1000. வட்டெழுத்தில் பொறித்தது. எபிரேயத்தில் யோசேப் ரப்பான் எனப்படும் யூதத் தலைவர் அதில் 'இஸ்ஸுப்பு இறப்பான்'. ரப்பானுக்கு முன்னால் ஓர் இகரம், யோசேப்பின் கடைசியில் ஓர் உகரம்: இரண்டும் நம் வாய்க்கேற்ற ஒட்டு. தமிழ் விவிலியத்தின் யோசேப்பிலும் அதே 'ப்பு' நிற்கிறது. எனவே தமிழ்ப் பக்கத்தில் யோசேப்பு, யூசுப், யோசெஃப் மூன்றையும் உறழ்வடிவங்களாக இணைத்துவிடுங்கள். பதிவின் தலைப்புக்கு அந்தந்த மனிதர் தாமே எழுதிக்கொண்டது எதுவோ அது.

பொத்தானுக்கு 'உறழ்வடிவங்களையும் தேடு' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. கைப்பேசித் திரையில் இரண்டு வரியாக உடைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். உடைந்தால் 'உறழ்வும் தேடு' என்று வெட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்.