ஹொஸ்டல்ல வந்து தங்குற வெளிநாட்டு ஆக்களோட விசுவாசத்தைப் பத்திக் கதைக்கலாமா? (உப்புவெளி)

உப்புவெளி_நைட்டூட்டி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலைக்குப் பக்கத்தில உப்புவெளில ஒரு சின்ன ஹொஸ்டல்ல பின்னேரம் 4 மணில இருந்து இரவு 12 மட்டும் ரிசெப்ஷன்ல நிக்கிறன், இது ரெண்டாவது சீசன். ரெண்டு டோர்ம், 8 கட்டில், 6 கட்டில், மேல மொட்டை மாடில ஒரு நீட்டு மேசை. மே மாசத்தில இருந்து செப்டெம்பர் மட்டும் நிரம்பி வழியும், பிறகு மழை தொடங்கினா ஒருத்தரும் இல்ல. முதலாளி சைவ சமயம், நல்ல மனுசன், ஞாயிறு காலமை ஆராதனைக்கு போகோணும் எண்டு சொன்னவுடன காலமை வேலையே எனக்கு போடேல்ல.

எங்கட சேர்ச் வாலிபர் கூட்டத்தில போன வருசம் முடிவெடுத்தவை, உனக்கு கர்த்தர் திறந்த வாசல் இது, உலகம் முழுக்க இருந்து ஆக்கள் உன்ர மேசைக்கு வருகினம், நீ ஏன் சும்மா இருக்கிறாய் எண்டு. இங்கிலீஷ் கைப்பிரதி ஒரு கட்டு தந்தவை. நான் அதை புத்தகம் மாத்துற ராக்கையில வச்சன், விரும்பினவை எடுக்கட்டும் எண்டு. ஆனா என்னைப் பாக்க வந்த கூட்டத்துப் பெடியன் ஒராள் நான் கீழ செக் இன் செய்துகொண்டிருக்க மேல போய் எல்லாத் தலகாணிக்குக் கீழயும் ஒண்டொண்டு வச்சிட்டு போயிட்டார். அண்டு இரவு ஒரு ஆள் அதைக் கையில கொண்டு வந்து, என்ர கட்டில் வரைக்கும் ஆர் வந்தது எண்டு கேட்டார். ரிவியூலயும் எழுதிட்டார். முதலாளி என்னை ஏசேல்ல. "பிள்ளை, அவை எங்கட வீட்ட படுக்க வந்த ஆக்கள்" எண்டு மட்டும் சொன்னார். அதுக்குப் பிறகு ரெண்டு நாள் எனக்கு ஒழுங்கா நித்திரை இல்ல.

இப்ப விசயம் இதுதான். போன கிழமை நெதர்லாந்துப் பிள்ளை ஒண்டு மொட்டை மாடில இருந்து என்ர கழுத்துச் சிலுவையைப் பாத்திட்டு தானாவே கேட்டா. 2019 ஈஸ்டர் அண்டு மட்டக்களப்பில சீயோன் சேர்ச்சில குண்டு வெடிச்சு சண்டே ஸ்கூல் பிள்ளையள் செத்ததை எங்கயோ வாசிச்சிருக்கிறா. அதுக்குப் பிறகும் நீ எப்பிடி ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்கு போறாய் எண்டு கேட்டா. நான் மனப்பாடம் செய்து வச்ச ஒண்டும் வாயில வரேல்ல. என்ர சித்தி ஆக்கள் மட்டக்களப்பில, அண்டு முழுக்க போன் எடுபடாம அம்மா குசினி நிலத்தில இருந்தது மட்டும்தான் ஞாபகம் வந்தது. "எனக்கு தெரியேல்ல" எண்டு சொல்லிட்டு கீழ வந்திட்டன். அந்தப் பிள்ளை இன்னும் இஞ்சதான் நிக்குது, புறாத்தீவுக்கும் கன்னியாவுக்கும் போய் வருது, என்னைக் கண்டா சிரிக்குது.

எனக்கு இந்த ஆக்களோட கதைக்க உண்மையாவே ஆசை, கட்டாயத்துக்கு இல்ல. ஆனா முதலாளியின்ர நம்பிக்கையையும் கெடுக்கக் கூடாது, காசு குடுத்து வந்த ஆக்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. இப்பிடி வேலை செய்தவை இருந்தா சொல்லுங்கோ.

நிலாவெளி_பழசு எழுதினது:

தங்கச்சி, நான் கத்தோலிக்கன், நிலாவெளில கெஸ்ட் ஹவுஸ் வேலையில 20 வருசத்துக்கு மேல. முதல்ல ஒண்டு சொல்லுறன், "தெரியேல்ல" எண்டு சொன்னதுக்கு வெக்கப்படாதீங்கோ. அந்தக் கேள்விக்கு உடன பதில் வச்சிருக்கிற ஆளை நானே நம்ப மாட்டன்.

2004 டிசம்பர் 26 காலமை சுனாமி வரேக்க நான் அங்க நிண்டனான். எங்கட இடத்தில கீழ் அறை எல்லாம் போயிட்டுது. ஒரு ஜெர்மன் கிழவனும் நானும் கூரையில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல இருந்தனாங்கள், அவருக்கு கடவுள் நம்பிக்கை துண்டற இல்ல, நான் செபமாலை சொல்லிக் கொண்டிருந்தன், கையில மாலை இல்ல, விரலால எண்ணினன். அவர் ஒண்டும் கேக்கேல்ல. அடுத்த வருசம் திரும்பி வந்தார், வந்து முதல் கேட்டது அண்டு விரலில என்ன எண்ணினனீ எண்டுதான். ஒரு வருசம் அது அவருக்குள்ள இருந்திருக்கு. பிறகு ஒரு பிளேன்டீயோட பின்னேரம் முழுக்க கதைச்சம், அவர் கடைசி மட்டும் விசுவாசத்துக்கு வரேல்ல, எனக்குத் தெரிய வரேல்ல. ஆனா என்னைப் பாக்க இன்னும் மூண்டு தரம் வந்தவர்.

நான் வச்சிருக்கிற ஒழுங்கு இது. டியூட்டில நிக்கேக்க நான் வேலைக்காரன், சாவி, துவாய், போட் டிக்கெட், அவ்வளவுதான். நாங்களா தொடங்கினா அவையால எழும்பிப் போகேலாது பாருங்கோ, ஏனெண்டா அவையின்ர பாஸ்போர்ட் கொப்பி எங்கட லாச்சிக்குள்ள, அவையின்ர பேக் எங்கட அறைக்குள்ள. அந்த இடத்தில வச்சு ஒராளோட கடவுளைப் பத்தி தொடங்கிறது நியாயமில்ல. டியூட்டி முடிஞ்சு அவையா கேட்டா அது வேற. டோர்முக்குள்ள ஒரு நாளும் இல்ல, குடிச்சிட்டு இருக்கிற ஆளோட இல்ல, பொம்பிளைப் பிள்ளை தனிய இருந்தா நான் இல்ல என்ர மனுசிதான் கதைப்பா.

எம்மாவு ஊருக்கு போற வழியில இயேசு அந்த ரெண்டு பேரோட நடந்தவரெல்லோ. முதல்ல என்ன கதைச்சுக்கொண்டு போறீங்க எண்டு கேட்டவர், அவையின்ர கவலையை முழுக்கச் சொல்ல விட்டவர். ஊர் வந்த உடன அவர் இன்னும் அங்கால போறவர் மாதிரிக் காட்டினவர் எண்டு லூக்கா எழுதி வச்சிருக்கிறார். அவை வருந்திக் கூப்பிட்ட பிறகுதான் உள்ள போனவர். நான் அந்த ஒரு வரியை வச்சுத்தான் இவ்வளவு காலம் வேலை செய்யிறன். கூப்பிட்டா உள்ள போங்கோ.

அந்தப் பிள்ளைக்கு உங்கட அம்மா குசினி நிலத்தில இருந்த கதையைச் சொல்லுங்கோ. நீங்கள் இஞ்ச எங்களுக்கு எழுதினதுதான் பதில்.

ரொட்டர்டாம்_திருமலையான் எழுதினது:

நான் பிறந்தது திருமலை, இப்ப ஹொலண்ட். படிக்கிற காலத்தில ஆம்ஸ்டர்டாம்ல ஷெல்டர் எண்டு ஒரு கிறிஸ்தவ ஹொஸ்டல்ல தங்கினனான், சிவப்பு விளக்குத் தெருவுக்குப் பக்கத்தில. அது கிறிஸ்தவ ஹொஸ்டல் எண்டு புக் பண்ண முதலே தெரியும், உள்ள குடிக்கேலாது, ஆம்பிளை பொம்பிளைக்கு வேற வேற டோர்ம், பின்னேரத்தில விரும்பினவை இருந்து பைபிளைப் பத்திக் கதைக்கலாம், விரும்பாதவை வெளில போகலாம். தெரிஞ்சு வந்தபடியால் ஒருத்தருக்கும் கோவமில்ல. உங்கட இடம் அப்பிடி இல்ல தங்கச்சி. வாறவை கடலுக்கும் மலிவுக் கட்டிலுக்கும் வந்தவை, முதலாளியும் சைவம். அதால ஷெல்டர்ல சரியான ஒரு விசயம் உங்கட இடத்தில பிழையாப் போகலாம். தலகாணிக் கதையில அந்தப் பெடியனுக்கு விளங்காதது இதுதான், கெட்ட எண்ணம் இல்ல.

இன்னொண்டு, 1970களில ஐரோப்பாவில இருந்து ரோட்டால இந்தியா நேபாளம் நோக்கி வந்த இளம் ஆக்களுக்காக காபூல்ல திலாராம் ஹவுஸ் எண்டு ஒரு வீடு இருந்தது. கிறிஸ்தவ ஆக்கள் நடத்தினது. போதையில விழுந்து வருத்தத்தோட கிடந்தவையை அங்க வச்சுப் பாத்தவை. கதைக்கிறதுக்கு முதல் சாப்பாடும் படுக்கையும். உப்புவெளில டெங்கு, வயித்தோட்டம், பவளப்பாறை வெட்டின கால், இதெல்லாம் வாற நேரம் ஆர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கொண்டு போறது எண்டு அவை மறக்க மாட்டினம்.

டச்சு ஆக்களைப் பத்தி ஒண்டு, அவை நேரடியா கேப்பினம், அது மரியாதையீனம் இல்ல. அவளின்ர அம்மம்மா காலத்தில அநேகமா எல்லாரும் சேர்ச்சுக்கு போனவை, இப்ப அங்க எத்தினையோ சேர்ச் புத்தகக் கடையாவும் வீடாவும் மாறிட்டுது. அவளுக்கு உன்ர சிலுவை புதுசில்ல, அதை ஒரு இளம் ஆள் இன்னும் போட்டிருக்கிறதுதான் புதுசு.

சட்டம்_படிக்கிறன் எழுதினது:

சுருக்கமாச் சொல்லுறன், ஏனெண்டா கன பேர் இதைப் பிழையாச் சொல்லினம். இலங்கை அரசியலமைப்பில 10ம் உறுப்புரை மனச்சாட்சி, மத சுதந்திரம் தருது, 14(1)(உ) வழிபாடு, அனுட்டானம், போதனை மூலமா மதத்தை வெளிப்படுத்துற உரிமை. ஆனா 2003ல மென்சிங்கன் கன்னியாஸ்திரிகள் எண்ட கத்தோலிக்க சபையைச் சட்டப்படி அமைப்பாக்கிற (கூட்டிணைப்பு) மசோதா வழக்கில உச்ச நீதிமன்றம் மதத்தைப் பரப்புறது அடிப்படை உரிமை இல்ல எண்டு சொன்னது. ஐநா மனித உரிமைக் குழு 2005ல அதை ஏற்கேல்ல. 2004ல கொண்டு வந்த மதமாற்றத் தடை மசோதா சட்டமாகேல்ல. அதால கேட்ட ஆளுக்கு பதில் சொல்லுறது குற்றமில்ல. ஆனா தள்ளுபடி, சாப்பாடு, வேலை எண்டு ஏதாவது குடுத்து அதோட மதத்தைச் சேர்த்தா பிரச்சினை வரும், வரவும் வேணும். உங்கட கூட்டம் ஹொஸ்டல்ல தங்கிற வெளிநாட்டு விசுவாசிகளை ஊழியத்துக்கு கூப்பிட்டா அவையின்ர டூரிஸ்ட் விசாவைப் பாருங்கோ, அது அதுக்கான விசா இல்ல. அவைக்குத்தான் கரைச்சல்.

கோட்டைவாசல்_கைட் எழுதினது:

நான் சைவம், டூரிஸ்ட் ஆக்களைக் கோணேசர் கோயிலுக்கு கூட்டிக்கொண்டு போறது என்ர தொழில். எழுதலாமோ எண்டு யோசிச்சன், தங்கச்சி நேர்மையாக் கேட்டபடியால் எழுதுறன்.

உங்கட ஹொஸ்டல்ல இரவு நீங்கள் கதைக்கிற ஆக்களோட நான் காலமை நடக்கிறன். பிரட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால போகேக்க மான் படுத்திருக்கும், எல்லாரும் போட்டோ எடுப்பினம், அதுக்குப் பிறகு நான் வாசல் கல்லில இருக்கிற மீன் சின்னத்தைக் காட்டி, பழைய கோயிலை 17ம் நூற்றாண்டில போர்த்துக்கேயர் இடிச்சு அந்தக் கல்லை எடுத்து கோட்டை கட்டினதைச் சொல்லுவன். சிலுவையோட வந்தவை எண்டும் சொல்லுவன், ஏனெண்டா அது நடந்தது. பிறகு சுவாமி மலை உச்சில நிண்டு கடலைப் பாப்பினம், ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்க மாட்டினம். அந்த ஆள் அண்டு இரவே உங்களிட்ட வந்து கேக்கலாம், உங்கட ஆக்கள்தானே கோயிலை இடிச்சது எண்டு. அப்ப மழுப்பாதீங்கோ. அது பிழை எண்டு சொல்லுங்கோ. அப்பிடிச் சொல்லுற கிறிஸ்தவரின்ர மிச்சக் கதையை நானே இருந்து கேப்பன்.

எனக்கு நோகிறது எது எண்டா, ஒரு சிலர் வாற ஆக்களிட்ட கோணேசர் கோயிலைப் பிசாசின்ர இடம் எண்டு சொல்லுறது. என்ர அப்பாவின்ர அஸ்தி கரைச்சதும் இந்தத் திருமலைக் கடலிலதான். இயேசு உங்களுக்கு என்ன செய்தார் எண்டு சொல்லுங்கோ, எங்கட சாமியைத் தள்ளி வைக்காம அதைச் சொல்லேலும்தானே. உங்கட முதலாளியிட்ட எல்லாத்துக்கும் முதல் நேர கேளுங்கோ. ஒளிச்சுச் செய்யாதீங்கோ.

உப்புவெளி_நைட்டூட்டி எழுதினது:

எல்லாருக்கும் கோடி நன்றி, குறிப்பா கைட் அண்ணைக்கு. அந்த மீன் கல்லை நான் சின்ன வயசில இருந்து பாத்திருக்கிறன், சிலுவை போட்ட கழுத்தோட அதுக்கு முன்னால நிக்கிறது என்ன எண்டு ஒரு நாளும் யோசிச்சதில்ல. வாலிபர் கூட்டத்திலயும் இதைக் கதைக்கப் போறன்.

முதலாளியிட்ட கேட்டன். கைப்பிரதி வேண்டாம், மேல டோர்முக்குள்ள வெளியாக்கள் ஒருத்தரும் போகக் கூடாது, மொட்டை மாடில டியூட்டி முடிஞ்ச பிறகு ஆராவது உன்னட்ட கேட்டா அது உன்ர வாய், உன்ர மனசு எண்டார். ராக்கையில ஒரு பைபிள் இருக்கலாமா எண்டு கேட்டன், தேவாரப் புத்தகத்துக்குப் பக்கத்தில வை எண்டார். வச்சாச்சு. கைப்பிரதிக் கட்டைத் திருப்பிக் குடுத்திட்டன், தலகாணிக்குக் கீழ வச்ச பெடியன் முதல்ல மூஞ்சையை நீட்டினார், பிறகு ரிவியூவை வாசிக்கக் குடுத்தன், ஒண்டும் சொல்லேல்ல.

நேற்று டியூட்டி முடிஞ்சு மேல போனன், அந்த நெதர்லாந்துப் பிள்ளை இருந்தா. அண்டு தெரியேல்ல எண்டு சொன்னது உண்மை, ஆனா முழுசாச் சொல்லேல்ல எண்டு தொடங்கி, அம்மா நிலத்தில இருந்ததைச் சொன்னன். பின்னேரம் சித்தியின்ர குரல் போனில வந்ததைச் சொன்னன், சித்திக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு அப்பிடி ஒரு குரல் திரும்பி வராததையும் சொன்னன். அதுக்கடுத்த ஞாயிறு சேர்ச் பூட்டு, நாங்கள் வீட்டில இருந்து ஜெபம் செய்தனாங்கள், அண்டைக்கு எனக்கு கடவுளோட கோவம், கோவத்தோடதான் ஜெபம் செய்தன், அவர் என்னை விட்டிட்டுப் போகேல்ல எண்டது மட்டும் எனக்குத் தெரியும் எண்டு சொன்னன். வேற ஒண்டும் சொல்லேல்ல. அவ கன நேரம் பேசாம இருந்திட்டு, தன்ர அம்மம்மா சாகேக்க பாடின பாட்டு ஒண்டு இருக்கு, தனக்கு சொல்லு மறந்து போச்சு, ராகம்தான் ஞாபகம் எண்டு மெல்லமா முனகிக் காட்டினா. அது எங்கட கீர்த்தனைப் புத்தகத்தில தமிழில இருக்கிற பாட்டு. நான் தமிழில பாடினன், அவ ராகம் பிடிச்சா, கீழ இருந்து ஒருத்தர் சத்தத்தைக் குறைக்கச் சொன்ன பிறகு நிப்பாட்டினம்.

அவவே கேட்டா நாளைக்கு ஆராதனைக்கு வரலாமா எண்டு. தமிழில நடக்கும், ஒண்டும் விளங்காது எண்டு சொன்னன், பரவாயில்ல எண்டா. தோள் மூடின சட்டை இல்லையாம், என்ர சோல் ஒண்டு குடுத்திருக்கிறன். ஸ்கூட்டிக்கு இன்னொரு ஹெல்மெட் தேவை, உப்புவெளிப் பக்கம் ஆராவது காலமை 7 மணிக்கு முதல் தந்துதவேலுமெண்டா மெசேஜ் போடுங்கோ, 11 மணிக்கு திருப்பித் தருவன்.